சாக்கில் கட்டிய குளிர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கற்பூரம் கொண்டு வாருங்கள், அணைத்துச் சொல்கிறேன். கற்பூரம் இல்லையா, தீப்பெட்டி கொண்டு வாருங்கள், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அதே சத்தியத்தைச் செய்கிறேன். மேகந்தட்டி ஊரில் குளிரைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். போனது மூன்று பேர். சாக்கு ஒன்று. சந்தேகம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து போகலாம். போகிறவர்கள் அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள், காற்று வருகிறது.

மேகந்தட்டி என்பது கொடைக்கானலையும் தாண்டி மேலே, பஸ்ஸே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற இடத்தில் இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும். மாசி மாதம் வந்துவிட்டால் அந்த ஊருக்குப் பகலில் ஒரு முகம், பொழுது சாய்ந்தால் ஒரு முகம். பகலில் வெயில் முதுகைத் தடவிக் கொடுக்கும். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும் குளிர் வந்து காதைப் பிடித்துத் திருகும். காலையில் பார்த்தால் புல்லெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருக்கும்.

அந்த ஊரில் குழந்தைவேலு என்று ஒருவன். தங்கமான மனுஷன். மண்டைக்குள் மட்டும் கொஞ்சம் காலி இடம் இருந்தது, அதை அவன் யாருக்கும் குத்தகைக்கு விடவில்லை. அவன் பெண்டாட்டி நாகஜோதி பிரசவத்துக்குப் பெரியகுளத்துப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. பிறந்த அன்றைக்குக் குழந்தைவேலு போய்ப் பார்த்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அது கண்ணைத் திறக்கவே இல்லை. கடைசி பஸ் வந்துவிட்டது, கிளம்பிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஏக்கம், தன் மகள் கண்ணைத் திறந்து தன்னைப் பார்க்க வேண்டும்.

நாகஜோதி போனில் கூப்பிட்டாள்.

"நாளன்னைக்கு மத்தியானப் பஸ்ல வரேன். ஆனா ஒண்ணு. வீட்டுக்குள்ள குளிர் இருக்கக் கூடாது. போன மாசியில என் பல்லு கிட்டிக்கிட்டதை நான் மறக்கலை. பச்சைப் புள்ளை தாங்காது. நான் வந்து நிக்கும்போது உள்ள குளிர் இருந்துச்சுன்னா, அதே பஸ்ல ஏறி திரும்பிப் போயிடுவேன். அப்புறம் பாப்பா நடக்க ஆரம்பிச்சாத்தான் மேகந்தட்டி."

"குளிர் இருக்காது ஜோதி."

"இருந்துச்சுன்னா?"

"இருக்காது. நான் அதுகிட்டப் பேசிக்கிறேன்."

நாகஜோதி போனை வைத்துவிட்டாள். அவளுக்குப் புருஷனைப் பற்றித் தெரியும். தெரிந்தும் அவனை நம்பியதுதான் இந்தக் கதைக்கே காரணம்.

குழந்தைவேலு தனியாள் இல்லை. அவனோடு அவன் அண்ணன் சடையாண்டி இருந்தான். சடையாண்டி யோசனைக்காரன். எதைக் கேட்டாலும் தொண்டையைச் செருமி, மேலே பார்த்து, அப்புறம்தான் சொல்லுவான். சொன்னது தப்பாக இருந்தாலும் அந்தச் செருமல் சரியாக இருக்கும். இன்னொருவன் இருளப்பன், நாகஜோதியின் கூடப் பிறந்த தம்பி. அக்காள் இல்லாத நேரத்தில் மச்சானுக்குத் துணையாக இருக்கட்டும் என்று தாய்வீட்டில் அனுப்பி வைத்திருந்தார்கள். தாய்வீட்டில் அவனைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்பது வேறு விஷயம்.

மூன்று பேரும் சேர்ந்து ஊரின் ஒரே தச்சரான பரமன் ஆசாரியிடம் போனார்கள். அவர் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"இதுல என்னப்பா இருக்கு? குளிர் எந்த வழியா வருதுன்னு மொதல்ல பாரு. அந்த வழியை அடை. அடைக்கிறதுக்கு முன்னால உள்ள இருக்கிற குளிரை வெளியேத்து. வெளியேத்தாம அடைச்சா அது உள்ளயேதான் கிடக்கும். உன் வீட்டுல கதவுக்கும் நிலைக்கும் நடுவுல விரல் போற இடுக்கு இருக்கு. அந்தக் கதவு இருக்கிற வரைக்கும் அந்த இடுக்கும் இருக்கும். நான் அடுத்த வாரம் வந்து வேற கதவு போட்டுத் தரேன்."

அடுத்த வாரம் என்ற பேச்சே அவர்கள் காதில் ஏறவில்லை. மற்றதெல்லாம் அட்சரம் பிசகாமல் ஏறிவிட்டது.

முதல் வேலை, குளிர் எந்த வழியாக வருகிறது என்று பார்ப்பது. அன்றைக்குச் சாயங்காலமே மூன்று பேரும் வீட்டுக்கு முன்னால் பாதையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, வருகிற போகிறவர்களை எல்லாம் உற்றுப் பார்த்தார்கள். ஒரு எருமை போனது. பால்காரர் போனார்.

"இவரா?" என்றான் இருளப்பன்.

"சேச்சே, இவரு நம்ம ஊரு" என்றான் சடையாண்டி.

மூக்கு நுனி மரத்துப் போகிற வரைக்கும் பார்த்தார்கள். குளிர் வரவில்லை. சந்தோஷமாக எழுந்து வீட்டுக்குள் போனார்கள். உள்ளே போனதும் குழந்தைவேலுவின் பல் தடதடவென்று அடித்துக்கொண்டது. குளிர் ஏற்கெனவே உள்ளே இருந்தது.

"எப்படிண்ணே? நாம வாசல்லயேதானே இருந்தோம்?"

சடையாண்டி தொண்டையைச் செருமினான். மேலே பார்த்தான்.

"நாம உள்ள வரும்போது பின்னாலயே வந்திருக்கு. மானமுள்ளது எதுவும் வாசல் வழியாத்தான் வரும். திருடன்தான் ஓட்டைப் பிரிச்சு வருவான். குளிர் திருடனில்லை, வருஷா வருஷம் சொல்லிட்டு வருது. அதனால வாசல்தான்."

மற்ற இரண்டு பேரும் வாசலைத் திரும்பி முறைத்தார்கள்.

காலையில் இருளப்பன் காபி போடத் தண்ணீர் எடுக்கப் போனான். அடுப்படியில் அண்டாவின் மேல் தண்ணீர் கண்ணாடித் தட்டு மாதிரி உறைந்திருந்தது. அதை விரலால் தொட்டான். அவ்வளவுதான், வீடே அதிர்ந்தது.

"மச்சான்! மாட்டிக்கிச்சு! குளிர் அண்டாவுக்குள்ள மாட்டிக்கிச்சு!"

மூன்று பேரும் அண்டாவைச் சுற்றி நின்றார்கள். சடையாண்டி தொட்டுப் பார்த்தான். ஊரில் உள்ள குளிர் அத்தனையும் அதில்தான் இருந்தது. குடிக்கப் போய்த் தண்ணீருக்குள் விழுந்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

"தூக்கித் தோட்டத்துல வீசிடவா?" என்றான் இருளப்பன்.

"தோட்டத்துல வீசினா சாயங்காலமே வந்துடும்" என்றான் சடையாண்டி. "பூனையை எப்படிக் கொண்டு போய் விடுவாங்க?"

அது எல்லோருக்கும் தெரியும். தொந்தரவு பண்ணுகிற பூனையைச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, அதற்குத் திசை தெரியாமல் போவதற்காகச் சாக்கை மூன்று சுற்றுச் சுற்றி, ஆற்றைத் தாண்டி விட்டுவிட்டு வருவார்கள். குளிருக்கும் அதே வைத்தியம் செய்வது என்று தீர்மானித்தார்கள். பூண்டுச் சாக்கு ஒன்றை உதறி, பனிக்கட்டியை உடையாமல் எடுத்து உள்ளே போட்டு, வாயை இறுக்கிக் கட்டினார்கள். இருளப்பன் சாக்கைத் தலைக்கு மேல் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றினான். மூன்றாவது சுற்றில் அவனே விழுந்துவிட்டான். ஆனாலும் சாக்கை விடவில்லை. வீரன்.

கொண்டு போய் விடுகிற இடம் கரடிப்பாறை. ஊருக்கு எதிர்ப்பக்கத்து மேட்டில், பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கிற மாதிரி நிற்கிற பாறை. வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொள்கிற இடம். உள்ளூர்க்காரர்கள் யாரும் போனதில்லை. எப்படியும் போகிறோம், வெயிலும் நன்றாக அடிக்கிறது, சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் என்ன என்று குழந்தைவேலுவுக்குத் தோன்றியது. புளிசாதம், உருளைக்கிழங்குப் பொரியல், பிளாஸ்க்கில் சுக்குக் காபி. நாளைக்கு மகள் வருகிறாள், இன்றைக்குக் குளிர் போகிறது. மனசு இறக்கை கட்டிக்கொண்டு பறந்தது.

பாதையில் சடையாண்டி காதோடு சொன்னான். "எங்க போறோம்னு பேசாதீங்கடா. உள்ள இருந்து கேட்டுக்கிட்டிருக்கும்."

இருளப்பன் இன்னும் ஒரு படி மேலே போனான். சாக்கின் பக்கம் வாயை வைத்துச் சத்தமாகக் கேட்டான். "ஏன் மச்சான், மதுரைக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

"இதோ, அந்தத் திருப்பம் தாண்டினா மதுரை!" என்றான் குழந்தைவேலு.

திருப்பத்தைத் தாண்டியதும் சடையாண்டி நின்றுவிட்டான். சுற்றும் முற்றும் பார்த்தான். முகம் வாடிப்போயிற்று.

"எங்கடா மதுரை? நான் செருப்பு வாங்கணும்னு இருந்தேன்."

அவனைச் சமாதானப்படுத்திக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

கொஞ்ச தூரம் போனதும் சாக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. இருளப்பன் முதுகெல்லாம் ஈரம்.

"மச்சான், இது பயத்துல ஒண்ணுக்குப் போயிடுச்சு."

"போகட்டும்டா. ஊரை விட்டுக் கொண்டு போறோம்ல. நமக்கே அப்படித்தான் இருக்கும்" என்றான் குழந்தைவேலு. அவனுக்குக் குளிர் மேல் லேசாக இரக்கம் வந்தது. அதைக் கட்டுப்படுத்திக்கொண்டான். பாப்பாவா குளிரா என்று வந்தால் பாப்பாதான்.

கரடிப்பாறையில் வெயில் வெதுவெதுவென்று விரிந்து கிடந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை மேகம், உலை பொங்கி வழிகிற மாதிரி. மூன்று பேரும் சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைச் சூரியனுக்குக் காட்டி உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் காய்ந்ததும் திரும்பி மறுபக்கத்தைக் காட்டினார்கள். அப்பளம்கூட அவ்வளவு ஒழுங்காகக் காயாது. புளிசாதம் தின்றார்கள். புல் சரிவில் சறுக்கு விளையாடலாம் என்றான் இருளப்பன். சறுக்குவதற்கு அடியில் போட்டுக்கொள்ள ஒரு சாக்கு வேண்டுமே? இருந்த சாக்கில் குளிர் இருந்தது. அதனால் சடையாண்டியின் வேட்டியைப் போட்டுச் சறுக்கினார்கள். சடையாண்டி கோவணத்தோடு நின்று யார் முதலில் கீழே போனது என்று தீர்ப்புச் சொன்னான். அவ்வளவு சந்தோஷமான ஒரு பகலை அந்த மலை பார்த்ததில்லை.

சுக்குக் காபியைக் குடித்துவிட்டு வந்த வேலையைப் பார்க்கலாம் என்று சாக்கை அவிழ்த்தார்கள். சாக்கு காலி. நனைந்து கிடந்தது.

மூன்று பேரும் மாறி மாறிச் சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினார்கள்.

"ஓடிடுச்சு" என்றான் இருளப்பன்.

"கட்டு அவிழலையே?" என்றான் சடையாண்டி.

"இடுக்கு வழியாப் போயிருக்கும். இடுக்குன்னா அதுக்குத்தான் சர்க்கரைப் பொங்கலாச்சே, ஆசாரி சொன்னாரே."

குழந்தைவேலு சாக்கை உதறிப் பார்த்தான். "இருந்தாலும் அதுக்கு வீட்டு வழி தெரியாதேண்ணே? சாக்கைச் சுத்தினோமே?"

சடையாண்டி தொண்டையைச் செருமினான். மேலே பார்த்தான். பார்த்தவன் முகம் வெளுத்தது.

"எத்தனை சுத்துடா சுத்தினே?"

"மூணு."

"முட்டாப்பயலே! முழுசா மூணு சுத்து சுத்தினா மொதல்ல பார்த்த திசையிலதானடா வந்து நிக்கும்! மூணரை சுத்திருக்கணும்!"

மூன்று பேரும் எடுத்தார்கள் ஓட்டம். வேட்டியைக் கட்டக்கூட நேரமில்லை, சடையாண்டி அதைத் தோளில் போட்டுக்கொண்டே ஓடினான். குளிர் போய்ச் சேருவதற்குள் வீட்டை அடைத்தாக வேண்டும். வழியில் எதிரே வந்தவர்கள் கேட்டார்கள், என்னப்பா விஷயம் என்று. "எங்களைத் தாண்டி ஏதாவது போச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார்கள்.

வீட்டுக்குள் நுழைந்து குழந்தைவேலு கையை நீட்டிப் பார்த்தான். வெயில் நேரம் ஆனதால் வீடு இதமாக இருந்தது.

"இன்னும் வரலை! ஜெயிச்சுட்டோம்!"

உடனே வேலையை ஆரம்பித்தார்கள். கதவு இருக்கிற வரைக்கும் இடுக்கு இருக்கும் என்று ஆசாரி சொல்லியிருந்தார். கதவைக் கழற்றிவிட்டால் இடுக்கு எங்கே இருக்கும்? கழற்றினார்கள். பார்த்தால், விரல் போகிற இடுக்கு இருந்த இடத்தில் மாடு போகிற வழி இருந்தது. அதனால் அந்த வழியைக் கல்லும் சேறும் வைத்துச் சுவராகவே எடுத்துவிட்டார்கள். உள்ளே நின்றுதான் எடுத்தார்கள், வெளியே குளிர் வரும் நேரமாயிற்றே. சேற்றுக்குத் தண்ணீர் போதவில்லை, மிச்சமிருந்த சுக்குக் காபியையும் ஊற்றிப் பிசைந்தார்கள். இருந்த ஒரு ஜன்னலையும் காய்ந்த பூண்டுத் தழையைத் திணித்து மெழுகிவிட்டார்கள். கழற்றிய கதவை நாலு கல்லின் மேல் வைத்து, மேலே கம்பளி விரித்ததும் பாப்பாவுக்கு அருமையான கட்டில் ஆயிற்று.

இருளப்பன்தான் கேட்டான். "அக்கா எப்படி உள்ள வரும்?"

"அவ வரட்டும், அப்ப யோசிப்போம்" என்றான் சடையாண்டி. "வராதவளுக்கு இப்பவே எதுக்கு வழி?"

அடுப்பை மூட்டினார்கள். புகை போக ஓட்டில் கையகல ஓட்டை இருந்தது. பாதிப் புகை அதில் போயிற்று, மீதி இவர்களோடு இருந்தது. இருமிக்கொண்டே, கண்ணைக் கசக்கிக்கொண்டே, மேகந்தட்டியில் எவனும் தூங்காத கதகதப்பில் தூங்கினார்கள்.

மறுநாள் மத்தியானம் பஸ் வந்தது. அந்தப் பஸ் ஊர் முனையில் திரும்பி நிற்கும், டிரைவரும் கண்டக்டரும் டீக்கடையில் சாப்பிடுவார்கள், ஒரு தடவை ஹாரன் அடித்தால் கிளம்பப் போகிறது என்று அர்த்தம், இரண்டாவது அடித்தால் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

நாகஜோதி குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வாசலைக் காணோம். தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று பக்கத்து வீட்டைப் பார்த்தாள். அது சரியாகத்தான் இருந்தது. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எந்தப் பக்கமும் சுவர். உள்ளே யாரோ இருமுகிற சத்தம்.

சுவரைத் தட்டினாள். "ஏங்க!"

உள்ளே மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வந்துடுச்சு" என்று கிசுகிசுத்தான் சடையாண்டி.

"ஜோதி குரல் மாதிரி இருக்கேண்ணே?"

"அப்படித்தான் வரும். இத்தனை வருஷம் இந்த வீட்டுல கிடந்த குளிரு. அவ பேசினதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கும். வாசலைக் காணோம்னதும் குரலை மாத்திக்கிட்டு வந்திருக்கு."

வெளியே தட்டல் பலமாயிற்று. "டேய் இருளா! உள்ள இருக்கியாடா? சுவரை எதுக்குடா வச்சீங்க?"

இருளப்பன் நெஞ்சை நிமிர்த்தினான். "யாருகிட்ட உன் வேலையைக் காட்டுறே? நீ எங்க அக்கான்னா சொல்லு, நான் சின்னப் பையனா இருக்கும்போது எதுல விழுந்தேன்?"

"சாணிக் குழியில! நான்தானே முடியைப் பிடிச்சுத் தூக்கினேன்!"

இருளப்பன் திடுக்கிட்டான். சடையாண்டி அவன் தோளைத் தொட்டான். "அவசரப்படாதே. அது எந்த மாசம்?"

"மார்கழி."

"பார்த்தியா? குளிரும் அங்கதான் நின்னுருக்கு."

குழந்தைவேலு சுவரில் காதை வைத்தான். "ஜோதின்னா சொல்லு, நம்ம கல்யாணத்துல என்ன நடந்துச்சு?"

"என்ன நடந்துச்சா? தாலியை எடுத்து உங்க கழுத்துலயே கட்டிக்கப் போனீங்க! ஐயர் கையைப் பிடிச்சு நிறுத்தினாரு! திறங்க மொதல்ல!"

"கல்யாணம் எந்த மாசம்?" என்றான் சடையாண்டி.

"தையிலண்ணே" என்றான் குழந்தைவேலு, குரல் இறங்கிப்போய்.

"தையில நடந்த கல்யாணத்துக்குக் குளிர் வராம இருந்திருக்குமா? முன்வரிசையில உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்கும்."

அந்த நேரத்தில் பஸ் முதல் ஹாரன் அடித்தது.

"இங்க பாருங்க" என்றாள் நாகஜோதி. இப்போது கத்தவில்லை. அவள் கத்தாவிட்டால்தான் குழந்தைவேலுவுக்குப் பயம். "பஸ் கிளம்பப் போகுது. இன்னொரு தடவை ஹாரன் அடிச்சா நான் போயிட்டேன்னு வச்சுக்கங்க. பாப்பா நடந்துதான் வரும் உங்களைப் பார்க்க."

குழந்தைவேலு ஓட்டிலிருந்த ஓட்டையைப் பார்த்தான், கதவுக் கட்டிலைப் பார்த்தான், மேலே விரித்திருந்த கம்பளியைப் பார்த்தான். திறந்தால், வந்திருப்பது குளிராக இருந்தால், மகள் போய்விடுவாள். திறக்காமல் இருந்து, வந்திருப்பது நாகஜோதியாக இருந்தால், அப்போதும் மகள் போய்விடுவாள். ஆயுசிலேயே முதல் தடவையாக அவன் தானாக யோசித்தான். தொண்டையைக்கூடச் செருமவில்லை.

"அண்ணே! சித்திரை! சித்திரை மாசத்துல குளிர் ஊர்ல இருக்காதுல்ல?"

சடையாண்டி வாயைப் பிளந்தான். "இருக்காது."

குழந்தைவேலு சுவரில் வாயை வைத்துக் கத்தினான். "போன சித்திரைத் திருவிழாவுல நான் உனக்கு என்ன வாங்கித் தந்தேன்? சொல்லு!"

"என்ன வாங்கித் தந்தீங்களா?" நாகஜோதியின் பழைய குரல் திரும்பி வந்தது, ஓடெல்லாம் அதிர்ந்தது. "வளையல் வாங்கித் தரேன்னு கூட்டிட்டுப் போயி, பஞ்சு மிட்டாயை வாங்கி நீங்களே தின்னீங்க! குச்சியை மட்டும் என் கையில குடுத்தீங்க!"

"ஜோதியேதான்!" என்று குதித்தான் குழந்தைவேலு. "குச்சியைக் குடுத்தது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்!"

கடப்பாறையை எடுத்துக்கொண்டு வாசல் சுவரை நோக்கிப் பாய்ந்தான். சடையாண்டி குறுக்கே விழுந்தான்.

"அங்க கை வைக்காதே! நேத்து முழுக்க வேலை பார்த்து அடைச்சது! அதை உடைச்சா குளிர் வந்துடும்!"

"வேற எங்கண்ணே உடைக்கிறது?"

"குளிருக்குத் தெரியாத இடத்துல உடை."

நியாயம்தான். மேற்குப் பக்கத்துச் சுவரில் மூன்று பேரும் சேர்ந்து கடப்பாறையைப் போட்டார்கள். பழைய மண் சுவர். ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து போடலாம் என்றுதான் நினைத்தார்கள். சுவருக்கு அவ்வளவு கணக்குத் தெரியவில்லை. முழுசாக, மரியாதையாக, வெளிப்பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது.

புழுதி அடங்கியது. கடப்பாறைச் சத்தம் கேட்டு அந்தப் பக்கம் வந்த நாகஜோதி, விழுந்த மண்ணுக்கு ஓரடி தள்ளி நின்றாள், தலை முதல் கால் வரை செம்மண். பஸ் இரண்டாவது ஹாரன் அடித்துக்கொண்டு, அவள் இல்லாமலே மலையிறங்கிப் போயிற்று.

அவள் வாயைத் திறந்தாள். பெரியகுளத்திலிருந்து சேர்த்துக்கொண்டு வந்த அத்தனையும் வெளியே வருவதற்குள், தோளில் இருந்த குழந்தை புழுதிக்கு ஒரு தும்மல் போட்டுக் கண்ணைத் திறந்தது. எதிரே கரியும் சேறுமாக, கடப்பாறையோடு நின்ற ஆளை உற்றுப் பார்த்தது. குழந்தைவேலு மூச்சுவிட மறந்து நின்றான். குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது. அது சிரிப்பா, வாயுவா என்று இன்றைக்கும் ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது.

"என்னைப் பார்த்துடுச்சு ஜோதி" என்றான்.

சுவர் போன இடத்தில் வெயில் தாராளமாக வந்து வீடு முழுக்க உட்கார்ந்திருந்தது. கட்டி முடித்த நாளிலிருந்து அந்த வீடு அவ்வளவு சூடாக இருந்ததில்லை. நாகஜோதி உள்ளே வந்து நின்று பார்த்தாள். கையை நீட்டிப் பார்த்தாள். குளிர் இல்லை. கொடுத்த வாக்கு வாக்குதான். குழந்தையைக் கதவின் மேல் கிடத்தினாள். அது கொட்டாவி விட்டுத் தூங்கிப்போயிற்று.

"புள்ளை தூங்குது, அதனால பொழச்சீங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "பொழுது சாயறதுக்குள்ள இந்தச் சுவரை எடுத்து முடிங்க. இல்லைன்னா இந்தச் சூடு அத்தனையும் போயிடும்."

சொல்லிவிட்டுக் குழந்தை பக்கத்தில் சாய்ந்தாள். பஸ் பிரயாண அலுப்பு, அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

மூன்று பேரும் வெளியே கூடினார்கள். சடையாண்டி செருமினான், மேலே பார்த்தான், சூரியன் கண்ணைக் குத்தியது.

"கேட்டீங்களா? வெயில் இப்ப உள்ள இருக்கு. அது கிளம்பறதுக்குள்ள அடைச்சுடணும். அடைச்சுட்டா அடுத்த மாசி வரைக்கும் கவலையில்லை."

"உள்ள நின்னு அடைக்கவா, வெளிய நின்னா?" என்றான் இருளப்பன்.

"வெளிய நின்னுதான். நாம உள்ள இருந்தா இடத்தை அடைச்சுக்குவோம், வெயில் எங்க உட்காரும்?"

அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை, நீங்களும் பார்க்கப்போவதில்லை. கல்லும் மண்ணும் பறந்தன. சூரியன் மலை விளிம்பைத் தொடுவதற்கும் கடைசிக் கல் உட்காருவதற்கும் சரியாக இருந்தது. மூன்று பேரும் சேற்றுக் கையோடு சுவரைத் தட்டிக் கொடுத்தார்கள். குளிர் வந்து மூன்று பேர் காதையும் பிடித்துத் திருகியது. அவர்கள் சட்டை செய்யவில்லை. வெளியே இருக்க வேண்டியது வெளியே இருக்கிறது, உள்ளே இருக்க வேண்டியது உள்ளே இருக்கிறது.

அப்போது உள்ளேயிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள். "ஏங்க! இருட்டா இருக்கு! எங்கே போனீங்க? நான் எப்படி வெளிய வர்றது?"

குழந்தைவேலு சுவரில் கை வைக்கப் போனான். சடையாண்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"திறந்துடாதே. வெயிலுதான். பொழுது போச்சுல்ல, வெளிய போகணும்னு தவிக்குது."

"அண்ணே, ஜோதி குரல் மாதிரி இருக்கே?"

"மத்தியானம் முழுக்க அவ பக்கத்துலதானே படுத்திருந்துச்சு. பிடிச்சுக்கிட்டிருக்கும்."

"அப்ப சித்திரைக் கேள்வி கேட்டுப் பார்க்கலாமா மச்சான்?" என்றான் இருளப்பன் ஆசையாக.

சடையாண்டி அவனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"மடப்பயலே, சித்திரையில வெயிலு ஊர்லயேதானடா இருந்துச்சு!"

அந்தப் பச்சைச் சுவர் அப்புறம் எப்படி விழுந்தது, யாருடைய ஒரே உதையில் விழுந்தது, மூன்று பேரும் ஏன் பங்குனி வரைக்கும் நொண்டினார்கள் என்பதெல்லாம் குடும்ப விஷயம், அதில் நான் தலையிட மாட்டேன். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இதைச் சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அந்தச் சாக்கு இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. கோபம் வந்தால் குளிரைப் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். போன தடவை மாதிரி இருக்காது. இப்போது அவர்களுக்கு விவரம் தெரிந்துவிட்டது, மூன்றரை சுற்றுச் சுற்றித்தான் விடுவார்கள்.